கழுவித் துடைத்த டப்பா

குனோங் ராபாட் ஊரில், சுண்ணாம்புக் குன்றுக்குக் கீழே காரை நிறுத்துகிறேன். சாலையோரம் வாழைப்பழம் பொரித்து விற்கும் அக்காவிடம் ஒரு சுவிசேஷக் கைப்பிரதியை நீட்டுகிறேன். ஊழியத்துக்கு வந்தவன், நீட்டுவது கைப்பழக்கம்.

"நானும் சர்ச்சுக்குப் போறவதாண்ணே," என்கிறார். வாங்கவில்லை.

ரப்பர் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் இருந்த காலம்தொட்டு, பக்கத்து வீட்டு லட்சுமியோடு பலகாரம் மாற்றிக்கொள்வாராம். தீபாவளிக்கு அங்கிருந்து முறுக்கு வரும், கிறிஸ்துமஸுக்கு இங்கிருந்து கேக் போகும். டப்பாவை யாரும் வெறுமனே திருப்பித் தரமாட்டார்கள். கொஞ்சம் சீனியாவது போட்டுத்தான் தருவார்கள்.

"ஒரு கிறிஸ்மஸுக்கு, கேக்குக்கு அடியில உங்க கையில இருக்கற மாதிரி பேப்பர் ஒன்னு வச்சு அனுப்பிட்டேன். மறுநாளே டப்பா வந்துருச்சு. நல்லா கழுவித் தொடச்சு, காலியா."

"சண்டை போட்டாங்களா?"

"இல்லலா. இப்பவும் பார்த்தா சிரிப்பா. அவ்ளோதான்."

சட்டியில் பழம் சிவந்துவிட்டது. அரித்து எடுக்கிறார்.

"அதுல சொன்னது தப்பில்லண்ணே. ஒரே பைப்புல தண்ணி புடிச்சு வளர்ந்தவங்க நாங்க. பக்கத்துல உக்காந்து வாயால சொல்லியிருக்கலாம்லா."

கைப்பிரதி இன்னும் என் கையில்தான் இருக்கிறது. அதை நீட்டும் முன் அக்காவின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.