வெறுந்தறியில் பதிந்த பாட்டு

தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூர்ப் பக்கம் இண்டஸ்ட்ரியல் ராக் ஆல்பம் போட்டவர்கள் யார் என்று பட்டியல் எடுத்தால், அதில் நாங்கள் இரண்டு பேர் இருப்போம். பட்டியல் எடுக்க இதுவரை யாருக்கும் தோன்றவில்லை.

இயந்திரச் சத்தத்தையே தாளமாக வைத்து, அதன்மேல் கிதாரை அலறவிடுகிற இசை அது. வெளிநாட்டில் இதற்காகப் பழைய இரும்பைத் தேடி அலைவார்களாம். என் நண்பனுக்கு அந்தச் சிரமம் இல்லை. பல்லடம் பக்கம், வீட்டை ஒட்டிய ஷெட்டில் அவன் அப்பாவுக்கு எட்டு விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

கிதார் அவன். தகர டிரம்மும் பாடல் வரிகளும் நான். ஒன்பது பாட்டு எழுதினேன். ஒன்பதிலும் 'துரு' வந்தது. அப்போது நான் ஓர் அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்த்தவன். துருப்பிடிக்கக்கூடியதாக என்னிடம் இருந்தது ஒரு சைக்கிள் மட்டும்தான்.

எங்களை அவசரப்படுத்தியது அவன் அப்பாவின் காது. முப்பது வருஷம் தறிகளுக்கு நடுவில் நின்றவர். பேச்சு பாதிதான் கேட்டது. மீதியும் சீக்கிரம் போய்விடும் என்று கோயமுத்தூர் டாக்டர் சொல்லிவிட்டார். திரும்பி வந்த பஸ்ஸில், முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தபடி நண்பன் சொன்னான்: "காது போறதுக்குள்ள இத ஒரு தடவ கேட்டுப்போடணும்டா அவரு."

கிதார் வாங்கிய நாளிலிருந்து அவர் அவனைத் திட்டியதில்லை. ஒரு நல்ல வார்த்தை சொன்னதுமில்லை. அவர் என்ன நினைக்கிறார் என்பது அவனுக்குத் தெரியவே இல்லை.

எட்டுத் தறியும் ஓடும்போது பதிந்தால் டேப்பில் ஒரே இரைச்சலாக விழுந்தது. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஷெட் லீவில், அப்பா சந்தைக்குப் போன நேரம், ஓரத்துத் தறியை மட்டும் ஓட்டினோம். அதில் பாவு, அதாவது நீளவாட்டில் போகிற நூல், தீர்ந்து, புதுப் பாவு ஏற்றாமல் கிடந்தது. எங்களுக்கு வேண்டியது சத்தம், துணி எதற்கு? குறுக்கே ஓடுகிற ஊடை நூல் இல்லையென்றால் தறி தானாக நின்றுவிடும். அதற்கென்று ஒரு சின்னக் கம்பி உண்டு. நண்பன் அறுந்த கிதார் தந்தியால் அந்தக் கம்பியைக் கட்டிப்போட்டான். தறி ஓடியது. கணீரென்று, பிசிறே இல்லாத சத்தம். அதைக் கண்டுபிடித்தவர்கள் போல நாங்கள் கட்டிப்பிடித்துக்கொண்டோம்.

மற்றதெல்லாம் காந்திபுரத்தில், அம்மன் பாட்டு பதிகிற ஒரு ஸ்டுடியோவில் நடந்தது. முதல் பாட்டை முடித்துவிட்டு ஒலிப்பதிவுக்காரர் பெருமையோடு சொன்னார்: "பின்னாடி ஏதோ மிசின் ஓடிட்டே இருந்துச்சுங்க. நீங்க கவனிக்கலையாட்ட இருக்குது. சுத்தமா எடுத்துப்போட்டேனுங்க." அதைத் திரும்ப உள்ளே கொண்டுவர ஒரு மத்தியானம் ஆனது.

கேசட் வெளியானது. கடைக்காரர் போன் செய்தார்: "தம்பி, உங்க கேசட்டு சிக்குதுங்க, தடதடன்னு ஒரே சத்தம். ஸ்பிரிட் போட்டு ஹெட்டத் தொடச்சுங்கூடப் பாத்துட்டேன், போமாட்டேங்குது." வாங்கிய ஒவ்வொருவரும் அதைத் திருப்பிக் கொடுத்தார்கள், என் அக்கா வீட்டுக்காரரைத் தவிர. அவரால் கொடுக்க முடியாது.

இதெல்லாம் நண்பனுக்கு ஒரு பொருட்டாக இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவை ஷெட்டில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தான். ஸ்பீக்கரை முன்னால் வைத்து, சத்தத்தை முழுசாகத் திருகினான். அவர் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு கையை நீட்டி உள்ளங்கையை ஸ்பீக்கர்மேல் வைத்தார். பாட்டு முடியும்வரை எடுக்கவில்லை.

"எந்தத் தறி?"

"ஓரத் தறிங்கப்பா."

"பாவு இல்லாம ஓட்டுனியா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் டிரம்மைப் பார்த்தேன்.

"அடி விழுகுது கண்ணு," என்றார். கோபமே இல்லை. "எதுமேலயும் விழுகல."

அவர் தறியைத்தான் சொன்னார். நான் என் ஒன்பது துருவையும் நினைத்துக்கொண்டேன். பிற்பாடு நான் எழுதியவற்றுக்கு வந்த மதிப்புரை எதுவும் இவ்வளவு சரியாக இருந்ததில்லை.

நண்பன் ஒரு வாரம் என் பக்கமே வரவில்லை. ஓரத் தறியில் புதுப் பாவு ஏறியதும் வந்து கூப்பிட்டான். முதல் பாட்டை மட்டும் மறுபடி பதிந்தோம், இந்த முறை துணி நெய்தபடி. தறியில் அவன் அப்பாவே நின்றார். கிதார் தந்தியை அவிழ்த்துக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தார். சத்தம் வேறாக இருந்தது. ஒவ்வோர் அடியும் எதிலோ போய் இறங்கியது. பாதியில் தார் தீர்ந்து தறி நின்றது. தறியில் இப்படியும் அப்படியும் பாய்கிற நாடாவுக்குள் ஊடை நூல் சுற்றியிருக்குமே, அதுதான் தார். அவர் வேறு தார் மாற்றி மறுபடி ஓட்டினார். அந்த இடத்தை வெட்டிவிடலாம் என்றேன். நண்பன் கேட்கவில்லை. பிறகு கிதார் வாசித்தபோது, தறி நின்ற இடத்தில் அவனும் நிறுத்தினான்.

ஸ்டுடியோவில் ஆடி மாசத்து அம்மன் பாட்டுகள் வரிசையில் நின்றன. எங்கள் முறை வருவதற்குள் புரட்டாசி ஆகிவிட்டது. அதற்குள் அவர் காது முழுசாகப் போய்விட்டது. வீட்டில் எல்லோரும் எதையும் சிலேட்டில் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது.

நண்பன் சிலேட்டில் ஒன்றும் எழுதவில்லை. மறுபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே ஸ்டூல், அதே ஸ்பீக்கர். அவர் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தான். பாட்டு ஓடியது. அவர் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு நம்பிக்கை போய்விட்டது. எழுந்து போய்விடலாமா என்று வாசலைப் பார்த்தேன்.

பாதியில், டேப்பில் தறி நின்றது, கிதாரும் நின்றது. ஷெட்டில் ஒரு சத்தமும் இல்லை.

"தார் தீந்துபோச்சு," என்றார், காது கேளாதவர்கள் பேசுகிற உரத்த குரலில். இடது கையை மகனுக்கு நேராக உயர்த்தினார். "இரு கண்ணு. மாத்திட்டு இருக்கறேன்."

டேப்பில் தறி மறுபடி ஓடத் தொடங்கியது. ஸ்பீக்கர்மேல் இருந்த கையை அவர் எடுக்கவில்லை.