தாய்மாமன் மடி

காளிராஜுக்கு நாற்பது வயது. தாயில்பட்டியில் தனியாக இருந்துகொண்டு பட்டாசுக் கம்பெனிகளுக்குக் காகிதக் குழாய் சுற்றிக் கொடுக்கிறான். லோடு ஆட்டோ வந்து வாசலில் காகிதத்தை இறக்கிவிட்டு, சுற்றிய குழாயை ஏற்றிப் போகும். யார் முகத்திலும் விழிக்க வேண்டாம். அவனுக்கு மனச்சிதைவு நோய். மாத்திரை போட ஆரம்பித்த பிறகு காதில் கேட்ட குரல்கள் ஓய்ந்துவிட்டன. மனிதர்கள் மேல் உள்ள பயம் மட்டும் விடுவேனா என்கிறது. டீக்கடையில் யாராவது சிரித்தால், தன்னைப் பார்த்துத்தான் என்று பாதி டீயை வைத்துவிட்டு வந்துவிடுவான். அப்படியெல்லாம் இல்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவனுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய, மனசு கேட்க வேண்டுமே.

தங்கை அழகுமீனா தன் மகனுக்குச் சாத்தூரில் மண்டபம் பிடித்துக் காது குத்து வைத்தாள். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அவளுக்குக் கூடப்பிறந்தவன் இவன் ஒருத்தன்தான்.

"வருவீகளாண்ணே?" என்று போனில் கேட்டாள்.

"பாப்போம்" என்றான்.

எந்த விசேஷத்துக்குக் கூப்பிட்டாலும் இதையேதான் சொல்வான், போகவும் மாட்டான். இந்தத் தடவை போய்விடுவது என்று முடிவு கட்டியிருந்தான். அதை வாய்விட்டுச் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. மாத்திரையால் கை நடுங்குமே, பிள்ளை நழுவிவிட்டால்? அரிசிப் பையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்காரப் பழகினான். பைத்தியக்காரத்தனம் என்று தனக்குத்தானே சிரித்தும் கொண்டான்.

விசேஷத்தன்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு, கூட்டமான பஸ்ஸையெல்லாம் விட்டுவிட்டு, ஒருவழியாகச் சாத்தூர் போய்ச் சேர்ந்தான். மண்டப வாசலில் இளவட்டங்கள் சிரித்துக்கொண்டு நின்றார்கள். திரும்பிவிடலாமா என்று கால் இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனான்.

மேடையில் பிள்ளை, பெரியப்பா மகன் சுந்தரபாண்டி மடியில் இருந்தான்.

அழகுமீனா பதறி ஓடி வந்தாள். "அண்ணே, கூட்டத்தைக் கண்டா உங்களுக்கு ஆவாதேன்னுதான் அவுகளை உக்காரச் சொன்னேன். இப்ப எந்திரிக்கச் சொல்லட்டுமா?"

கேட்டாளே தவிர, அவள் பார்வை அவனுடைய நடுங்கும் கையில்தான் இருந்தது.

"வேண்டாம் தாயி. சரியாத்தான் செஞ்சிருக்க."

அவள் மேடைக்கு ஓடினாள். ஆசாரி ஊசியை எடுத்ததும் பிள்ளை வீறிட்டான். சனமெல்லாம் எழுந்து மேடையைச் சூழ்ந்துகொண்டது. ஒருத்தர்கூட இவன் பக்கம் திரும்பவில்லை. ஊரே தன்னைப் பார்க்கிறது என்று இத்தனை வருஷம் பயந்து கிடந்தவன், யாராவது ஒருத்தர் திரும்பிப் பார்க்க மாட்டார்களா என்று தூணோரம் நின்றுகொண்டிருந்தான்.