எதிர்த் தொட்டிலில் உட்கார்ந்தவர்

ராட்டினத் தொழிலுக்கு வருகிறவன் முதலில் படிக்க வேண்டியது, ஒரு குடும்பத்தைப் பார்த்த மாத்திரத்தில் அதைப் பிரித்து உட்கார வைக்கிற வித்தையைத்தான்.

என்னுடையது கையால் தள்ளுகிற மர ராட்டினம். மாஹிமில் ஒருத்தனோடு விலைக்காக நாள்கணக்கில் மல்லுக்கட்டி, அவன் சலித்துப்போய்த் தலையில் அடித்துக்கொண்டு கொடுத்தது. நாலு தொட்டில்; தள்ளுவதற்குப் பக்கத்துக்கு ஓர் ஆள். ஒரு தொட்டிலில் ஏறிய கனத்துக்குச் சரியான கனம் எதிர்த் தொட்டிலில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கனத்த பக்கம் சடாரென்று இறங்கும், தள்ளுகிறவன் தோள்பட்டை கழன்று போகும். மழை ஓய்ந்து குளிர் தொடங்கினால் மாதுங்கா, செம்பூர் தோட்டங்களில் பூக்காட்சி, குழந்தைகள் விழா, பொங்கல் விழா என்று வரிசையாக வரும். ஜனங்கள் டிபன் டப்பாவும் விரிப்புமாகக் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள். அடுத்தவன் விழாவில் கால் கடுக்க நின்று பிழைக்கிற என்னைப் போன்ற பாவிகளே, நான் சொல்லப்போவது உங்களுக்கு ஒன்றும் புதிதாக இருக்காது.

ஈரப் புல்

யாரிடமும் எடை கேட்க முடியாது. பெண்களிடம் கேட்டால் புருஷன் அடிக்க வருவான். நான் புல்லைப் பார்ப்பேன். தோட்டத்து மாலி காலையில் தண்ணீர் விட்டிருப்பான். வருகிறவர்களின் செருப்பு அந்த ஈரத்தில் எவ்வளவு புதைகிறது என்று பார்த்தால் போதும், ஆளின் கனம் தெரிந்துவிடும்.

ஒரு பொங்கல் விழாவில் மாதுங்காவிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பருத்த ஆபீஸ்காரர், அவர் சம்சாரம் ஒரு மாமி, பயந்த சுபாவமுள்ள ஒரு சின்னப் பெண். மூன்று பேரும் ஒரே தொட்டிலில்தான் உட்காருவோம் என்றார்கள். முடியாது என்றேன். அவரை இந்தப் பக்கமும் மாமியையும் பெண்ணையும் எதிர்ப் பக்கமும் பிரித்தேன். அவர் சட்டம் பேசினார். நான் குரலை உயர்த்தினேன். மறுபக்கம் தள்ள நின்றவர் என் அக்கா செல்லம்மாவின் புருஷன், மருதப்பன் மச்சான். அவர்தான் நடுவே வந்து, பெண்ணைச் சிரிக்க வைத்து, சண்டையை முடித்தார். தொட்டில் மேலே எழும்பும்போது மாமி எதிரில் இருந்த புருஷனைப் பார்த்துச் சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது: "ஆத்துலதான் எதிரும் புதிருமா உக்காந்துண்டிருக்கோம்னா, ராட்டினத்துலயுமா?"

மில்லிலிருந்து வந்த மனுஷன்

மச்சான் அப்போது பஞ்சு மில்லில் இருந்தார். லீவு நாளில் மட்டும் எனக்குத் தள்ள வருவார். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி இருமல் பிடித்துக்கொண்டது. உடம்பு தேறினால் வா என்று மில்லில் அனுப்பிவிட்டார்கள். தேறவில்லை. தாராவியில் அக்கா வீட்டுக்கு எப்போது போனாலும் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். தட்டில் சோறு வைத்தால் பாதியைப் பிள்ளைகள் பக்கம் தள்ளிவிடுவார். உழைக்காத வயிற்றுக்கு இது போதும் என்பார்.

அக்கா என்னைச் சந்துக்கு இழுத்து வந்து, "தம்பி, அவரக் கூட்டிட்டுப் போ. வேலை செஞ்சோம்னு நெனைச்சாத்தான் திங்காரு" என்று அழுதாள். கூட்டிக்கொண்டு போனேன். தள்ளத் தெம்பு இருக்கிறதா என்று வழியில் கேட்டதற்கு மச்சான் நின்று என்னை முறைத்தார். "மாப்ள, கூலியக் கொறச்சாலும் கொறச்சுக்கோ. வேலையக் கொறச்சேன்னா இப்படியே திரும்பிப் போயிருவேன்."

கோபத்தில் கிடைத்த உத்தியோகம்

செம்பூர் தோட்டத்தில் குழந்தைகள் விழா. பஸ் பஸ்ஸாக வந்து இறங்கிய கூட்டம். பருத்த கடைக்காரர் ஒருவர் தனியாக ஏறி உட்கார்ந்துவிட்டார், எதிர்த் தொட்டிலில் இன்னும் யாரும் ஏறவில்லை. நான் பார்ப்பதற்குள் மச்சான் தள்ளத் தொடங்கிவிட்டார். பாதி உயரத்தில் இருமல் வந்து கை நழுவியது. தொட்டில் திரும்பி இறங்கி அவர் நெற்றியை உரசிக்கொண்டு போயிற்று. இன்னும் ஒரு சாண் முன்னால் நின்றிருந்தால் அக்கா அன்றைக்கே தாலியைக் கழற்றியிருப்பாள்.

எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். "தள்ளத் தெம்பில்லன்னா எதிர்த் தொட்டில்ல ஏறி மூட்டை மாதிரி உக்காரும் வே!" என்று அத்தனை கூட்டத்துக்கு நடுவில் கத்தினேன். அவர் ஏறி உட்கார்ந்தார். அச்சில் விளக்கெண்ணெய் விட்டது போல ராட்டினம் வழுக்கிக்கொண்டு சுற்றியது.

அன்றைக்கே வாசலில் சுமை தூக்கிக்கொண்டிருந்த பாண்டுரங்கைத் தள்ளுவதற்குப் பிடித்தேன். மச்சானிடம், "எதிர் எடைக்கு ஆளில்லாம எத்தனையோ பேரத் திருப்பி அனுப்புதேன். இனிமே அது உம்ம பொறுப்பு" என்று முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு சொன்னேன். நம்பினாரோ இல்லையோ, சாயங்காலம் இறங்கி வந்தவர் முகத்தில் ஒரு தெளிவு. "மாப்ள, மேலேருந்து பாத்தா டிராம்பே மலை தெரியுதுடே. நாம இத்தன வருசமா தொட்டிலோட அடிப்பலகையத்தான பாத்துக்கிட்டு நின்னோம்!"

செக்ரட்டரியோடு பேரம்

மச்சான் அந்த உத்தியோகத்தில் கெட்டிக்காரராகிவிட்டார். தொட்டில் எழும்புகிற நேரத்தில் எதிரிலிருந்து கண்ணை உருட்டி நாக்கைத் துருத்துவார். குழந்தை அழ மறந்துவிடும். மாதுங்கா மாமியின் பெண் அவர் எதிரில் இருந்தால்தான் ஏறும் என்றாகிவிட்டது. வேலைக்குப் போய் வந்த நாளில் மறு சோறு கேட்கிறார் என்று அக்கா சொன்னாள்.

மாதுங்காத் தோட்டத்துப் பூக்காட்சி நாளில் ஓர் அம்மாள் சண்டைக்கு வந்தாள். இருமுகிறவனைக் குழந்தைகளுக்கு எதிரே உட்கார வைப்பதா என்று கேட்டாள். பஞ்சுத் தூசி, ஒட்டாது என்று டாக்டரே சொன்னதை நான் சொன்னேன். சொன்ன தொனி சரியில்லை, ஒப்புக்கொள்கிறேன். கோட்டில் ரோஜா குத்திய கமிட்டி செக்ரட்டரி வந்தார். ஆளை இறக்கு, இல்லையென்றால் ராட்டினத்தைப் பிரித்துக் கட்டு என்றார். கத்தரிக்காய்க்காரியிடம்கூடப் பாதி விலையில் பேரத்தைத் தொடங்குகிறவன் நான். அன்றைக்கு என் பக்கத்து விலையை நானே ஏற்றிக்கொண்டு போனேன். துண்டால் வாயைக் கட்டிக்கொள்வார் என்றேன். கமிட்டிக் குடும்பங்களுக்குக் காசு வேண்டாம் என்றேன். அவர் அசையவில்லை. கடைசியில், வாசலுக்கு நேரே ரோஜாப் பாத்திக்குப் பக்கத்தில், வருஷக்கணக்காகச் சண்டை போட்டுப் பிடித்து வைத்திருந்த என் இடத்தை விட்டுக்கொடுத்து, எருக்குவியலுக்குப் பின்னால் போகிறேன் என்றேன். செக்ரட்டரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அரே அண்ணா, நீ ராட்டினம் நடத்துறியா, ஆஸ்பத்திரி நடத்துறியா?"

சாக்கு

அடுத்த குளிருக்கு மச்சான் தோட்டத்துக்குள் வந்தபோது நான் பழக்க தோஷத்தில் புல்லைப் பார்த்துத் தொலைத்தேன். ஈரத்தில் தடமே விழவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை இரண்டு பேர் ஏறினாலே அவர் பக்கம் மேலே தூக்கிக்கொண்டு போயிற்று. பாண்டுரங் முதுகு தெறிக்கத் தள்ளிவிட்டு என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "சேட், அந்தத் தொட்டில்ல ஆளே இல்லாத மாதிரி இருக்கு" என்றான். அவனை அடிக்கக் கை ஓங்கினேன். அவன் சொன்னது உண்மை என்பதால் கையை இறக்கிக்கொண்டேன்.

மாலியிடம் மணல் கேட்டு வாங்கினேன். ஒரு சணல் சாக்கில் கொஞ்சம் கட்டி, மச்சான் டீ குடிக்கப் போன நேரம் அவர் தொட்டிலில் கால் வைக்கிற பலகையில் வைத்துப் பழைய போர்வையால் மூடினேன். ஒவ்வொரு விழாவுக்கும் மணலைக் கூட்ட வேண்டியிருந்தது. மச்சான் வழக்கம்போல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பெரிய ஆபீஸர் மாதிரி ஏறி உட்காருவார். எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது என்று நானும் பாண்டுரங்கும் நினைத்துக்கொண்டிருந்தோம். அந்த சீசனின் கடைசி விழாவில் ஏறி உட்கார்ந்தவர், என் பக்கம் திரும்பாமலே மெதுவாகச் சொன்னார்: "மாப்ள, மூட்டைய எடது பக்கமாக் கொஞ்சம் தள்ளி வையி. கால் வைக்க எடமில்ல."

பொங்கல் விழா

அந்த மழைக்காலத்தில் மச்சான் போய்விட்டார். அடுத்த விழா எங்கே, செம்பூரா மாதுங்காவா என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாராம். வேலைக்குத் தெம்பு வேண்டாமா என்று சொல்லிச் சொல்லியே அக்கா கஞ்சி ஊட்டியிருக்கிறாள். அவரும் குடித்திருக்கிறார்.

பொங்கலுக்கு மாதுங்காத் தோட்டத்தில் ராட்டினம் நின்றது. எருக்குவியலைச் சுற்றிக்கொண்டு அந்த மாமி, புருஷன், பெண் மூவரும் தேடி வந்தார்கள். யாரும் சொல்லாமலே புருஷன் ஒரு பக்கம், மாமி ஒரு பக்கம் என்று பிரிந்து நின்றார்கள். மாமியோடு சேர்ந்தால் கனம் மிஞ்சும் என்று, பெண்ணுக்கு அடுத்த ஜோடித் தொட்டிலைக் காட்டினேன். அதற்கு எதிரில் சாக்கு மட்டும் இருந்தது. பெண் வளர்ந்துவிட்டது, பயமும் கூடவே வளர்ந்திருந்தது. "மாமா எங்கே?" என்றது. ஊருக்குப் போயிருக்கார் என்றேன். காசு வேண்டாம் ஏறு என்றேன், இரண்டு தடவை சுற்றச் சொல்கிறேன் என்றேன், நீயே நிறுத்தச் சொல்லலாம் என்றேன். எதற்கும் மசியாமல் தலையை ஆட்டிக்கொண்டு நின்றது. பின்னால் வரிசை சத்தம் போட்டது. பாண்டுரங் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான். மாமிதான் என் மேல் இரக்கப்பட்டு விளக்கம் சொன்னாள்: "அவர் எதிர்ல உக்காந்து சிரிச்சாத்தான் இவளுக்குப் பயம் தெளியும். மணல் மூட்டை சிரிக்குமாப்பா?"

குடும்பங்களைப் பிரித்து உட்கார வைத்தே வயிறு வளர்க்கிற நான், யாரும் உட்காராத அந்தத் தொட்டிலில், கால் வைக்க இடம் விட்டு, மூட்டையை இன்னமும் இடது பக்கமாகத்தான் தள்ளி வைக்கிறேன்.