எர்த்துக் குழி

எங்கள் வீட்டில் ரேடியோவைவிட ஸ்டெபிலைசருக்குத்தான் மரியாதை அதிகம். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒவ்வொன்றாகத் தொழிற்சாலைகள் வந்துகொண்டிருந்த காலம். அவற்றில் ஒன்றில் எலக்ட்ரீஷியனாக இருந்த சித்தப்பா, அந்த இரும்புப் பெட்டியை எங்கிருந்தோ பழசாக வாங்கிவந்து சரிசெய்திருந்தார். சாயங்காலம் கழனி மோட்டார்கள் ஓடத் தொடங்கினால் பல்பு மங்கும், ரேடியோ முனகும். மோட்டார்கள் நின்றாலோ வோல்டேஜ் எகிறி ரேடியோவின் வால்வு போய்விடும். இரண்டையும் சமாளிக்கத்தான் அந்தப் பெட்டி. அதன் முகத்தில் ஒரு முள்ளும் பக்கத்தில் ஒரு திருகும் இருந்தன. திருகைத் தொடும் உரிமை சித்தப்பாவுக்கு மட்டும்.

பெட்டி ஷாக் அடிக்காமல் இருக்க எர்த் வேண்டும் என்று கொல்லை மூலையில் குழி வெட்டினார். ஆளுயரம் வெட்ட வேண்டுமாம். மண் இறுகிக் கிடந்ததால் முழங்கால் ஆழத்திலேயே அவருக்குத் திருப்தி வந்துவிட்டது. ஒரு செம்புத் தகட்டில் ஒயரைச் சுற்றி முறுக்கி உள்ளே இறக்கினார். மேலே உப்பையும் அடுப்புக்கரியையும் கொட்டி மூடினார். அந்த இடம் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும் என்பதால், தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றும் வேலை அம்மாவின் தலையில் விழுந்தது. செடியே இல்லாத இடத்துக்குத் தண்ணீரா என்று முணுமுணுத்தாலும் அவள் ஒருநாளும் தவறவில்லை.

இதெல்லாம் நடந்தபோது சித்தி வீட்டில் இல்லை. இரண்டாவது முறையும் கரு தங்காமல் போய், தாய்வீட்டில் இருந்தாள். சித்திக்கு உடம்பு சரியில்லை என்பதற்கு மேல் எனக்கு யாரும் சொல்லவில்லை. திரும்பி வந்தவள் இளைத்திருந்தாள், பேச்சும் குறைந்திருந்தது. நாங்கள் நாலு பிள்ளைகளும் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்து ரகளை செய்தால், எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவாள்.

ஒரு மத்தியானம் என்னை மட்டும் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனாள். பழைய துணியில் எதையோ சுற்றி வைத்திருந்தாள். தண்ணீர் ஆழமாக இருக்கும் பக்கம் பார்த்து அதை வீசி எறிந்தாள்.

"திரும்பிப் பாக்காம வா. ஊட்ல யாராண்டயும் சொல்லாத," என்றாள்.

பார்க்காதே என்று சொன்ன பிறகு கழுத்து சும்மா இருக்குமா? இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அதைப் பார்த்து சித்தி சிரித்துவிட்டாள். அவள் சிரித்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

அதற்குப் பிறகு அவள் வேறு ஆளாகிவிட்டாள். எனக்கு வழித்துத் தலைபின்னிவிட்டாள், ரேடியோவோடு சேர்ந்து பாடினாள், வேளைக்குச் சாப்பிட்டாள். அம்மா போடும் காபியை மட்டும் தொடமாட்டாள். தனக்கென்று தனியாகப் போட்டுக்கொள்வாள்.

சித்தி தேறிய நேரத்தில் பெட்டி படுத்துக்கொண்டது. தொட்டால் ஜிவ்வென்று ஷாக் அடித்தது. சித்தப்பா அதைக் கழற்றிப் பாயில் பரப்பினார். ஃப்யூஸை மாற்றினார், காயில் சுருளை வெயிலில் வைத்தார், ஒயர்களைப் பிரித்து மறுபடி டேப் சுற்றினார். பூட்டிவிட்டுத் தொட்டால் மறுபடியும் ஜிவ்.

"பெரிய பேஜாரா கீதே! அண்ணி, எர்த்துக்குத் தண்ணி ஊத்துறீங்களா?"

"நாள் தவறாம ஊத்திக்கினுதான் கீறேன். ஒண்ணும் மொளைக்கலன்னா நான் இன்னா பண்றது?" என்றாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டெஸ்ட் லேம்ப் வந்தது. ஹோல்டரில் ஒரு பல்பு, அதிலிருந்து இரண்டு ஒயர்கள், அவ்வளவுதான். ஒரு முனையை ஃபேஸிலும் மறுமுனையை நியூட்ரலிலும் வைத்தார். பல்பு எரிந்தது. நியூட்ரலிலிருந்து எடுத்து எர்த் ஒயரில் வைத்தார். எரியவில்லை; எர்த் ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது என்று அர்த்தம். சித்தப்பா கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடினார். தோண்டிய குழியில் கரித்துண்டுகளும் அறுந்த ஒயரும் இருந்தன. தகட்டைக் காணோம்.

செம்புக்கு ஆசைப்பட்டுப் பழைய இரும்பு வாங்க வருகிற சைக்கிள்காரர்தான் கிளப்பிக்கொண்டு போயிருக்க வேண்டும் என்று முடிவுசெய்து, சட்டையை மாட்டிக்கொண்டு சண்டைக்குக் கிளம்பினார். வாசலில் சித்தி மறித்தாள்.

"அவர ஒண்ணியும் கேக்காதீங்க. நான்தான் எடுத்தேன். ஏரில போட்டுட்டேன்."

வாழைக்கன்று வைக்க ஈரமான இடமாக இருக்கிறதே என்று அந்த மூலையைத் தோண்டினாளாம். கரியும் உப்பும், கம்பி சுற்றிப் பச்சை பூத்த செம்புத் தகடும் வெளியே வந்ததும், தகட்டைப் பிடுங்கிக்கொண்டு குழியைப் பழையபடி மூடிவிட்டாளாம். தனக்கு யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள், கரு தங்காததற்கு அதுதான் காரணம் என்று நினைத்திருக்கிறாள்.

சித்தப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்பாவும் சிரித்தார். எதற்கென்று தெரியாமலே நானும் சிரித்தேன். அம்மா மட்டும் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினாள். அந்த மூலைக்குத் தினமும் தண்ணீர் ஊற்றியது அவள்தானே. காபி விஷயம் அப்போதுதான் அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"நான் வெச்சேன்னு நெனச்சிக்கினியா?"

அம்மா உள்ளே போய்க் காபி போட்டு எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தாள். சித்தி எடுத்துக் குடித்தாள். குடித்துக்கொண்டே அழுதாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. யாரும் செய்வினை வைக்கவில்லை என்றால் நல்ல சேதிதானே? அடுத்த வாரம் சித்தப்பா புதுத் தகடு புதைத்தார், இந்த முறை இடுப்பளவு ஆழத்தில். பெட்டி சாதுவாகிவிட்டது. சித்தி பாடுவதை விட்டுவிட்டாள். எல்லாரும் சிரித்துவிட்டார்களே என்ற வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கும் கல்யாணமாகி, எனக்கும் ஒன்று தங்காமல் போனபோதுதான் அந்த அழுகை எனக்குப் புரிந்தது. காரணத்தை ஏரியில் எறிந்துவிட்டோம், இனிப் பிள்ளை தங்கும் என்று நம்பித்தான் சித்தி அத்தனை நாளும் பாடியிருக்கிறாள். சித்தப்பா சிரித்த அந்த நிமிஷத்தில், எறிந்த காரணம் அவள் உடம்புக்கே திரும்பி வந்துவிட்டது.