ஓடையைக் கடக்கச் சொன்னவன்

மலையேறப் போகலாம் என்று முதலில் சொன்னவன் நான்தான். பின்னால் நடந்ததற்கும் என் வாய்தான் காரணம்.

காஞ்சிபுரத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். காலையிலிருந்து சாயங்காலம்வரை காரின் இடப்பக்க சீட்டில் உட்கார்ந்து, "கிளட்ச்ச மெதுவா விடு" என்று சொல்லிக்கொண்டிருக்கிற வேலை. நாற்பத்தாறு வயதில் சர்க்கரை வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். அப்படிச் சேர்ந்ததுதான் எங்கள் நடைக் கூட்டம். நானும் என் மனைவியும், காந்தி ரோட்டில் பட்டுக்கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர், ஏனாத்தூர் கல்லூரியில் கணக்கு நடத்தும் ஆசிரியரும் அவர் மனைவியும், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பஸ் கண்டக்டர். ஆக ஆறு பேர். மற்ற நாட்களில் ஊருக்குள் நடப்போம். ஞாயிற்றுக்கிழமையானால் தென்னேரி ஏரிக்கரையில் ஒன்பது கிலோமீட்டர். சமதரையில் நடந்து நடந்து எங்களுக்குக் கொழுப்பு கூடிப்போயிருந்தது என்றுதான் இப்போது தோன்றுகிறது. ஒரு ஞாயிறு கரையில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது, "இதெல்லாம் ஒரு நடையா? மலைக்குப் போலாம்பா" என்றேன். எல்லாரும் சரி என்றார்கள்.

ஏப்ரல் கடைசியில், தெற்கே மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு மழைக்காட்டுக்குப் போனோம். வனத்துறை அனுமதி கொடுத்து, கூடவே வழிகாட்டி ஒருவரையும் அனுப்புகிற பயணம். முதல் நாள் காட்டுக்குள் இருக்கும் ஒரு கொட்டகைவரை. இரண்டாம் நாள் உச்சிக்குப் போய், அதே வழியில் அடிவாரத்துக்குத் திரும்ப வேண்டும்.

வழிகாட்டி அந்த மலையிலேயே பிறந்தவர். ஐம்பதைத் தாண்டியிருப்பார். குள்ளமான, இறுகிய உடம்பு. காக்கிச் சட்டை, இடுப்பில் ஒரு வெட்டுக்கத்தி, தோளில் சுருட்டிய கயிறு. அதிகம் பேச மாட்டார். ஒரு இடத்தில் நின்று மூக்கை உறிஞ்சிவிட்டு, "ஆனை போயிருக்கு. கொஞ்சம் நிப்போம்" என்றார். எங்களுக்கு எந்த வாடையும் தெரியவில்லை. கால் மணி நேரம் நின்றோம். அவர் தலையசைத்த பிறகுதான் நடந்தோம். அட்டை கடிக்கு உப்பும் புகையிலையும் துணியில் முடிந்து ஆளுக்கொன்று கொடுத்தார். நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன் என்று தெரிந்ததும், "ஜீப்பு ஓட்டப் படிக்க எத்தன நாளு சார் ஆவும்?" என்று கேட்டார். "உங்களுக்கா? இருபது நாள் போதும்" என்றேன். சிரித்தார்.

அந்தக் காடு நான் நினைத்திருந்த காடு இல்லை. போட்டோக்களில் பச்சையாகத் தெரிவது உள்ளே போனால் கறுப்பாக இருந்தது. பகல் பதினொரு மணிக்கே அந்தி மாதிரி ஒரு மங்கல். எங்கு கை வைத்தாலும் ஈரம். மேலே இலைகளிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. இரண்டாம் நாள் உச்சிக்குப் போனபோது சுற்றிலும் மேகம். பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. பட்டுக்கடைக்காரர், "இதப் பாக்கவா இம்மாந்தூரம் வந்தோம்?" என்று சலித்துக்கொண்டார். எல்லாரும் எரிச்சலோடுதான் இறங்கினோம். இறங்கும்போது நல்ல மழை பிடித்துக்கொண்டது.

கொட்டகைக்கு மேலே ஒரு ஓடை இருந்தது. காலையில் ஏறும்போது கணுக்கால் நனைய அதைக் கடந்து போயிருந்தோம். திரும்பி வரும்போது மணி இரண்டு. ஓடை செம்மண் நிறத்தில் இடுப்பளவுக்கு ஓடியது. அந்தச் சத்தத்தில் கத்திப் பேசினால்தான் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்டது.

வழிகாட்டி எங்களை ஒரு பாறைமேல் நிறுத்தினார். "எறங்க வேண்டாம் சார். மேல நல்லா பெஞ்சிருக்கு. தண்ணி கலங்கி வருது பாருங்க. ரெண்டு மணி நேரம் உக்காந்திருப்போம், தானா வடிஞ்சிரும்."

"ரெண்டு மணி நேரமா?" என்றார் பட்டுக்கடைக்காரர். "ஆறு மணிக்குக் கீழ கேட்ட மூடிடுவாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? நாளைக்குக் கடையில நான் இருந்தே ஆவணும். முகூர்த்த நேரம்."

"கேட்டுல நான் சொல்லிக்கிடுதேன் சார்."

எனக்கும் மறுநாள் காலை நான்கு பேரை லைசன்ஸ் டெஸ்ட்டுக்கு அழைத்துப்போக வேண்டியிருந்தது. கால் முழுக்க அட்டை கடித்த இடங்களில் ரத்தம் நிற்காமல் கசிந்துகொண்டிருந்தது. குளிர் வேறு. "இடுப்பளவு தண்ணி. இதுக்குப் போயி உக்காரணுமா?" என்றேன்.

"இடுப்பளவு தண்ணிதான் சார் ஆள அடிச்சிட்டுப் போவும்" என்றார் அவர்.

என் மனைவி என் கையைப் பிடித்தாள். "அவரு சொல்றாரு இல்ல? உக்காருங்க."

எல்லார் முன்னாலும் அவள் அப்படிச் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. கையை உதறிவிட்டு அவரிடம் சொன்னேன்: "உனக்கு பயமா இருந்தா நீ இங்கியே உக்காந்துக்கினு இரு. நாங்க போறோம். வழி எங்களுக்குத் தெரியும்."

இரண்டு நாட்களாக அவரை 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்த இடத்தில் 'நீ' என்று வந்தது. சொல்லிவிட்டு பேண்ட்டை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொண்டு தண்ணீரில் ஒரு காலை வைத்தேன்.

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். கோபம் மாதிரி தெரியவில்லை. எங்களை அப்படியே இறங்க விட முடியாது என்று முடிவு பண்ணிக்கொண்டார் என்று நினைக்கிறேன். என் தோளைத் தொட்டுப் பின்னால் நகர்த்திவிட்டு, கயிற்றை ஒரு மரத்தில் கட்டினார். மறுமுனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு தனியாக இறங்கி அக்கரை ஏறி, அங்கே இன்னொரு மரத்தில் இழுத்துக் கட்டினார். பிறகு திரும்பி வந்தார்.

ஒவ்வொருவராகக் கூட்டிப்போனார். முதலில் ஆசிரியரின் மனைவி. பிறகு என் மனைவி. பிறகு ஆசிரியர், கண்டக்டர், பட்டுக்கடைக்காரர். கயிற்றுக்கு இரண்டு கையையும் கொடுக்கச் சொல்லி, தண்ணீர் வரும் பக்கம் தான் நின்றுகொண்டு, ஒவ்வொருவரையும் அக்கரையில் விட்டுவிட்டுத் திரும்பத் திரும்ப வந்தார். ஐந்து தடவை. ஆறாவதாக நான். அவர் உதடு வெளுத்துப்போயிருந்ததைப் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை.

நடு ஓடையில் என் காலடியில் ஒரு கல் உருண்டது. நான் சாய்ந்தேன். ஒரு கை கயிற்றில் இருந்தது. இன்னொரு கையால் அவர் சட்டையைப் பிடித்தேன். அவர் என்னைக் கயிற்றின் பக்கம் தள்ளினார். அதே நேரம் மேலேயிருந்து தண்ணீர் ஒரு சுவர் மாதிரி வந்தது, மரக்கிளைகளோடு. கண்ணைத் திறந்தபோது நான் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தேன். அவர் இல்லை. சட்டையைப் பிடித்த கைக்குள் ஒன்றும் இல்லை.

நான் பிடித்து இழுத்ததால் அவர் தடுமாறினாரா, வெள்ளம் அடித்ததா என்று எனக்குத் தெரியாது. எத்தனையோ முறை நினைத்துப் பார்த்துவிட்டேன். தெரியவில்லை.

கண்டக்டரும் ஆசிரியரும் என்னைக் கரைக்கு இழுத்தார்கள். கரையோரமாகவே கத்திக்கொண்டு ஓடினோம். சிறிது தூரத்தில் ஓடை ஒரு பள்ளத்தில் விழுந்தது, அதற்குமேல் போக வழியில்லை. செல்போனில் சிக்னல் இல்லை. ஆசிரியர் மட்டும் கீழே சோதனைச் சாவடிக்கு ஓடினார். ஐந்து மணிக்கு வனக்காவலர்களும் வழிகாட்டியின் ஊர் ஆட்களும் வந்தார்கள். அதற்கு முன்பே, நான்கு மணிக்கெல்லாம், ஓடை வடிந்து முழங்காலுக்குக் கீழே வந்துவிட்டிருந்தது. அவர் சொன்ன இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகவில்லை.

மறுநாள் காலை, ஒரு வளைவில் இரண்டு பாறைகளுக்கு நடுவே அவரைக் கண்டெடுத்தார்கள். மூங்கிலில் கட்டித் தூக்கி வந்தார்கள். அவருடைய தம்பி, அவரும் வழிகாட்டிதான், முன்னால் தூக்கி வந்தார். எங்களை யாரும் திட்டவில்லை. பக்கத்தில் வரவும் இல்லை.

காவல் நிலையத்துக்குப் போகும் வேனில் பட்டுக்கடைக்காரர் சொன்னார்: "பாருங்கபா, எல்லாரும் ஒரே மாதிரி சொல்லணும். அவரே 'கடந்துடலாம் வாங்க'ன்னு கூப்பிட்டாரு. நாம போனோம். அவ்ளோதான். போனவரு திரும்பி வரப்போறது இல்ல. நமக்குக் குடும்பம் இருக்குது."

என் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். நிலையத்தில் அப்படியே எழுதினார்கள். நான் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். அவளும் போட்டாள்.

ஊருக்கு வந்த பிறகு அவள் என்னோடு சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சோறு போடுவாள், மாத்திரை எடுத்து வைப்பாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். அதற்குமேல் ஒரு சொல் கிடையாது. விசாரணை முடிந்து, வழிகாட்டியின் கவனக்குறைவால் நடந்த விபத்து என்று எழுதிவிட்டதாக ஒருநாள் ஆசிரியர் போனில் சொன்னார். அதை அவளிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை எடுக்காமல் சொன்னாள்: "நீங்க இன்னா சொன்னீங்கன்னு எனக்குத் தெரியும். அந்த ஆளுக்கும் தெரியும். வேற யாரும் வெளிய சொல்லப்போறது இல்ல. நிம்மதியா இருங்க."

மழைக்காலத்தில் தென்னேரி நிரம்பி, கலங்கல் வழியாக உபரித் தண்ணீர் வெளியே போகிறது என்று ஊரே பார்க்கப் போனது. நானும் போனேன். சின்னப் பையன்கள் அதில் இறங்கி ஆடிக்கொண்டிருந்தார்கள். வெளியே வரச்சொல்லிக் கத்தினேன். அவர்கள் சிரித்தார்கள். நான் பைக்கை எடுக்க முடியாமல் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து, "அவங்க வீட்டுக்குப் போயி சொல்லிடப் போறேன்" என்றேன். "நானும் வரேன்" என்றாள். ஆனாலும் பொங்கல் கழியும்வரை ஏதேதோ சாக்கு சொல்லித் தள்ளிப்போட்டேன்.

மலையடிவாரத்தில் இருபது முப்பது வீடுகள். வழிகாட்டியின் மனைவி வாசலில் பாய் விரித்து மிளகு காய வைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் யார் என்று சொன்னதும் கை நின்றது. உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தடுத்தது, நான் பேசியது, 'நீ' என்றது, சட்டையைப் பிடித்தது, எதையும் விடவில்லை.

அந்த அம்மா கேட்டுக்கொண்டே மிளகைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "போலீசுல இத ஏன் சொல்லல?" என்று கேட்டார்.

"பயந்துட்டேன்மா."

"அவரு பயப்படுதாருன்னுதான சொன்னீரு?"

என் மனைவி அழ ஆரம்பித்தாள். அந்த அம்மா அவளைப் பார்க்கவே இல்லை. "இருபத்தஞ்சு வருசம் சனங்களக் கூட்டிட்டுப் போனாரு. ஒருத்தர் காலுல முள்ளு ஏறவிட்டதில்ல. இப்ப, தண்ணி பாக்கத் தெரியாத ஆளுன்னு பேப்பர்ல எழுதியிருக்கு. அவரு தம்பியயும் வேலைய விட்டு நிறுத்திட்டாவ. இந்த வீட்டு ஆளுவள நம்பி சனத்த அனுப்ப முடியாதாம். இங்க வந்து எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? போயி அங்க சொல்லும்."

அன்றைக்கே அதே காவல் நிலையத்துக்குப் போனோம். அங்கே இருந்த அதிகாரி புதியவர். "கேஸ் முடிஞ்சி மாசக்கணக்காச்சே சார். இப்ப என்னத்துக்கு? உங்களுக்குத்தான் தலைவலி" என்றார். எழுதிக் கொடுத்தேன். என் மனைவியும் தனியாக எழுதிக் கொடுத்தாள். வனத்துறை அலுவலகத்திலும் ஒரு பிரதி கொடுத்தோம். திரும்பும்போது ரயிலில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பேசவில்லை, ஆனால் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பட்டுக்கடைக்காரர் விஷயம் தெரிந்து கடை வாசலில் வைத்தே கத்தினார். "நீ நல்லவன் ஆவறதுக்கு எங்க எல்லாரையும் பொய்யனாக்கிட்டியேபா." அவர் சொன்னதில் தப்பில்லை. நடைக் கூட்டம் அதோடு கலைந்தது. கண்டக்டர் மட்டும் ஒருநாள் வீட்டுக்கு வந்து, தானும் எழுதிக் கொடுக்கட்டுமா என்று கேட்டார். கொடுத்தார். என்னை இரண்டு முறை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். என்ன தண்டனை வந்தாலும் சரி என்று போனேன். ஒன்றும் வரவில்லை. கடைசியில் ஒரு கடிதம் வந்தது. பயணிகள் வற்புறுத்தியதாலேயே வழிகாட்டி ஓடையில் இறங்க நேர்ந்தது என்று கோப்பில் திருத்தி எழுதியிருப்பதாகச் சொன்னது.

அன்றே அந்த அம்மாவுக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டார். "அதுல ஒரு காப்பி எடுத்து அனுப்பும்" என்றார்.

"இன்னிக்கே அனுப்பிடறேன்மா. தம்பிக்கு மறுபடியும் வேலை..."

"கூப்பிட்டாவ. அவன் போவமாட்டேனுட்டான். ரப்பர் வெட்டப் போறான்."

போனைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் கோழி கத்தும் சத்தம் கேட்டது.

"இனிமே போன் பண்ண வேண்டாம் சார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நான் கூடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். என் மனைவி கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்தாள். "ஜெராக்ஸ் கடை திறந்திருக்கும், வாங்க" என்று சொல்லிச் செருப்பை மாட்டினாள். இருவரும் நடந்தே போனோம்.