தொட்டிக்கு இரண்டாவது நிலா

இடது கை அலுமினியப் பட்டையை மேசையோடு அழுத்திப் பிடித்திருந்தது. வலது கை சால்டரிங் நுனியை ஈரப் பஞ்சில் துடைத்து, ஆறாவது நீல எல்இடியின் காலில் வைத்தது. ஈயம் உருகிப் பளபளத்தது. வாயால் ஊதக் கூடாது, தானாக ஆற வேண்டும். ஆறியதும் அந்தக் கை இணைப்பின் மேல் பிசினை ஊற்றி, செம்பு இம்மியும் தெரியாமல் மூடியது. இறுகிய பிறகு நகத்தால் கீறிப் பார்த்தது. பிறகு இன்னொரு பூச்சு.

இதே விளக்கை அவர் செய்வது இது இரண்டாம் முறை.

வயரிங் வேலை செய்யும் அவருக்குத் தெருவில் ‘ஒருவாரம்’ என்றுதான் பெயர். பழைய மின்விசிறிகளைப் பிரித்துப் பிரித்தே தொழில் கற்றவர். சின்ன மின்சார வேலை எதையும் அவர் அன்றே முடித்துக் கொடுத்ததில்லை. இணைப்புகளைக் கை எட்டாத உயரத்தில் திறந்தபடி விட்டுவிட்டு, “ஒரு வாரம் எரியட்டும். சூடானா நிறம் மாறும், கண்ணே காட்டிக் குடுத்துடும். மூடிட்டா உள்ள பூதமே இருந்தாலும் தெரியாது” என்பார். எட்டாம் நாள் வந்து பார்த்து, திருப்தியானால்தான் டேப் சுற்றுவார். வீட்டுக்காரர்கள் சலித்துக்கொள்வார்கள். ஆனால் அவர் மூடிய இணைப்பை யாரும் திரும்பத் திறந்ததில்லை.

அவர் தங்கையின் கணவர் பேருந்துப் பணிமனையில் நேரக்காப்பாளர். வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியில் உப்புத் தண்ணீர் நிரப்பி, எட்டு வருடமாகப் பவளம் வளர்த்தார். “நாலு பஸ் லேட்டானாகூட இவருக்குப் பரவாயில்ல, தொட்டிக்குத் தீனி லேட்டாகக் கூடாது” என்று தங்கை நொடிப்பாள். இரவில் தொட்டியின் பெரிய விளக்கை அணைத்ததும் திடீர் இருட்டில் உள்ளிருந்த மீன்கள் மிரண்டு பாறையில் மோதின. அதற்காக மங்கலாக நிலா மாதிரி ஒரு வெளிச்சம் கேட்டார். ‘ஒருவாரம்’ அதைச் செய்துகொண்டு போய்த் தொட்டிக்கு மேலே மாட்டினார். வழக்கம்போல, இணைப்புகளை மூடாமல்.

காய்ந்த சுவர்களில் முப்பது வருடம் காப்பாற்றிய பழக்கம் அங்கே காலை வாரிவிட்டது. பம்பு தெறிக்கவிட்ட உப்புத் துளிகள் நாலே நாளில் செம்பை அரித்தன. பச்சையாகக் கசிந்தது சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் விழுந்தது. மீன்கள் தாங்கிக்கொண்டன. பவளத்துக்குச் செம்பு எமன். முதலில் இறால்கள் மல்லாந்தன. நத்தைகள் கண்ணாடியை விட்டு உதிர்ந்தன. பவளங்கள் ஒவ்வொன்றாகச் சதை கரைந்து வெறும் வெள்ளை எலும்பாயின. விளக்கைக் கழற்றி எறிந்தார்கள், தண்ணீரை மாற்றினார்கள், கரி போட்டு வடித்தார்கள். குடித்த செம்பைப் பாறைகள் திரும்பத் திரும்பக் கக்கின.

மாப்பிள்ளை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. நாலு திட்டுத் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது ஒருவாரத்துக்கு.

“அந்த லைட்ட மறுபடி செஞ்சு குடுங்க மச்சான்” என்று மட்டும் கேட்டார். “பெரிய பவளம் ஒண்ணுதான் மிச்சம். உயிர் இருந்தா நீல வெளிச்சத்துல பச்சையா மினுங்கும். போயிருந்தா மினுங்காது. எனக்கு அது தெரியணும்.”

“வேற தொட்டிக்கு மாத்திடலாமே மாப்பிள்ளை?”

“பாறையோட ஒட்டி வளந்துருக்கு. பேத்தா அப்பவே போயிடும்.”

விளக்கோடு அவர் போனது ஒரு விடுமுறை நாள் மதியம். கதவைத் திறந்த தங்கை அவர் கையிலிருந்ததைப் பார்த்தாள்.

“இந்தத் தடவையாவது மூடினியா, இல்ல இதுக்கும் ஒரு வாரமா?”

“மூடிட்டேம்மா.”

“எழவு வீட்டுல மாதிரி உக்காந்துருக்காரு. நீயாவது போய்ப் பேசுண்ணா.”

“என்னத்தப் பேச?”

“அது தெரிஞ்சா நான் பேசியிருக்க மாட்டேனா?”

மாப்பிள்ளை தொட்டிக்கு முன்னால் முக்காலியில் இருந்தார். தண்ணீரில் லேசாக அழுகல் வாடை. தங்கை திரைச்சீலைகளை இழுத்து மூடினாள். தொட்டி விளிம்பிலிருந்த தாங்கிகளில் வைக்க ஒருவாரத்துக்குத் துணிச்சல் வரவில்லை; விளக்கைத் தொட்டிக்கு மேல் கையாலேயே பிடித்துக்கொண்டார். தங்கை ஸ்விட்சைப் போட்டாள்.

நீலம் பரவியது. பாறையெங்கும் சாம்பல் நிறம். பெரிய பவளமும் அப்படியே கிடந்தது. ஒருவாரம் விளக்கை அரை அங்குலம் நகர்த்தினார். இன்னும் அரை அங்குலம். பவளத்தின் அடியில், கட்டைவிரல் நகம் அளவுக்குப் பச்சை மினுங்கியது.

“அது... அதுதானே மாப்பிள்ளை?”

“அதுதான்.”

“பொழச்சுக்குமா?”

“யாருக்குத் தெரியும்? பாறையில இன்னும் எவ்வளவு செம்பு இருக்குன்னே தெரியல.”

“நான் என்ன செய்யணும், சொல்லுங்க.”

“ஒண்ணும் செய்ய முடியாது மச்சான்.”

எந்த வீட்டிலும் பழுது எங்கே என்று தெரிந்துவிட்டால் அவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. இங்கே பழுது தெரியும், அதைச் செய்த கையும் தெரியும். ஆனால் திருக ஒரு திருகாணி இல்லை, வெட்டிவிட ஒரு கம்பி இல்லை. தோள் கடுத்தது. கையை இறக்கினால் அந்தப் பச்சையும் போய்விடுமோ என்று அசையாமல் நின்றார்.

மாப்பிள்ளை முக்காலியை விட்டு எழுந்தார்.

“எவ்வளவு நேரம் தூக்கிப் புடிச்சிட்டே நிப்பீங்க? கை வலிக்கும், குடுங்க.”

ஒருவாரம் கொடுத்தார்.