3674-இல் ஒரு பீக்

'கல்தூளில் பிசின் கலந்து வார்த்த போலி' என்று ரிப்போர்ட்டில் டைப் செய்தாகிவிட்டது. பிரிண்ட் கொடுக்கப் போன விரலைக் கடைசி நொடியில் இழுத்துக்கொண்டேன். மலேசியாவின் ஜார்ஜ்டவுனில் ரத்தினக்கல் சோதிக்கும் லேப்பில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் நான்.

கல்லைக் கொண்டுவந்தவர் சுங்கை பாக்காப் என்ற ஊரிலிருந்து வந்த மீனாட்சி அக்கா. முகம் சீன முகம். பேச்சு, பொட்டு, சேலை எல்லாம் நம்முடையவை. கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு சீனக் குடும்பம் அவரை ரப்பர் எஸ்டேட்டிலிருந்த தமிழ்த் தம்பதிக்குத் தத்துக் கொடுத்தது. அன்று அவர் கையில் ஒரு சின்னப் பச்சை வளையல் இருந்தது. பெற்றவள் போட்டுவிட்ட அசல் ஜேட் என்று வளர்த்த அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார். போன மாதம் ஒரு நகைக்கடையில் பார்த்துவிட்டு, இது ஜேட்டே இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

"வெல எனக்கு வேணாம் தம்பி. பெத்தவ நெசமாவே கல்லு போட்டு உட்டாளா, இல்ல என் மனசு நோகக்கூடாதுன்னு எங்கம்மா சொன்ன கதையா? அத மட்டும் பாத்து சொல்லுங்க லா."

எங்கள் எஃப்டிஐஆர் மெஷினில் ஒரு குட்டி வைர முனை உண்டு. அதில் கல்லை அழுத்தி வைத்தால், கல் எந்தெந்த அகச்சிவப்புக் கதிரை விழுங்குகிறது என்று கிராஃப் வரும். அக்காவின் வளையலுக்கு, கிராஃபின் அடியில் உள்ள எண்களில் 2920-லும் 2850-லும் பீக், அதாவது முகடு, நெட்டுக்குத்தாக எழும்பியது. பிசினிலும் பிளாஸ்டிக்கிலும் வருகிற பீக் அது. கல்லுக்கு உரியவை அடங்கிக் கிடந்தன. இது நூறு தடவை பார்த்த கூத்துதான் என்று அவசரக்குடுக்கை மாதிரி ரிப்போர்ட் அடித்துவிட்டேன்.

விரலை நிறுத்தியது 1743-இல் இருந்த இன்னொரு பீக். அது சமையல் எண்ணெய் உட்காருகிற இடம். எழுந்து முன்னறைக்கு ஓடினேன். இதில் ஏதாவது தடவினீர்களா என்று கேட்டதற்கு அக்கா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"நீங்கதானே போன்ல சுத்தம் பண்ணி கொண்டாங்கன்னு சொன்னீங்க? வீட்டு சாமி கல்லுக்கு செய்ற மாதிரி தேங்காண்ண போட்டு நல்லா தொடச்சிட்டுத்தான் வந்தேன்."

தப்பு முழுக்க என்னுடையது. லேப்பில் சுத்தம் என்றால் எண்ணெய் இருக்கக்கூடாது. அவர் வீட்டில் கல்லைச் சுத்தம் செய்வதே எண்ணெயால்தான். நான் இத்தனை நேரமும் தேங்காயைச் சோதித்துக்கொண்டிருந்திருக்கிறேன்!

சோப்புத் தண்ணீரில் கழுவி, ஆல்கஹாலில் துடைத்து, மறுபடி வைத்தேன். எண்ணெய் பீக்குகள் படுத்துவிட்டன. 3674-இல் ஊசி மாதிரி ஒன்று நின்றது. பக்கத்தில் 3660-இல் அதன் குட்டி. நெஃப்ரைட் என்கிற ஜேட் வகைச் சிலிகேட் கல்லின் படிகத்துக்குள் சிறைப்பட்ட ஹைட்ராக்சில் போடுகிற கையெழுத்து அது. கண்ணாடியிலும் பிசினிலும் வராது. மக்னீசியத்தின் இடத்தில் கொஞ்சம் இரும்பு புகுந்தால்தான் குட்டி பீக் வரும். வளையலுக்குப் பச்சை கொடுத்ததும் அந்த இரும்புதான். கீழே ஆயிரத்தை ஒட்டிய சிலிகேட் பீக்குகளும் எங்கள் நெஃப்ரைட் மாதிரியோடு அச்சாகப் பொருந்தின. நகைக்கடைக்காரருக்குப் பழகியது ஜேடைட் மட்டும்; அதனால்தான் இதை ஜேட் இல்லை என்றிருக்கிறார். ஜேட் என்ற பெயர் இரண்டு கல்லுக்குமே உண்டு. நான் போட்ட சத்தத்தில் மெஷின் எரிந்துவிட்டதோ என்று எங்கள் பாஸ் அம்மாள் ஓடி வந்தார்.

அக்காவை உள்ளே அழைத்து, திரையில் அந்த ஊசியைத் தொட்டுக் காட்டி, அசல் ஜேட் என்றேன். வளையலை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

"அப்ப எங்கம்மா ரெண்டு பேருமே பொய் சொல்லல."

அந்தப் பிரிண்ட் போயிருந்தால் இரண்டு தாய்மாரையும் பொய்க்காரிகளாக்கி அனுப்பியிருப்பேன். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களே, மெஷினில் வைப்பதற்கு முன்னால் கல்லைக் கொண்டுவந்தவரிடம் உட்கார்ந்து இரண்டு வார்த்தை கேளுங்கள்.